எல்லாக் குழம்பும் கலந்த வருடம்

என் தலையில் மின்சாரம் வைக்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள். அதுவரை யாரும் எதற்கும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்டதில்லை. வீட்டுக்கு என்ன சாயம் அடிப்பது என்பதை மனைவி முடிவு செய்தாள். பழைய காடியை எப்போது விற்றுப் புதுக் கார் வாங்குவது என்பதை அக்கா முடிவு செய்தாள். நான் ஞாயிறுதோறும் எழுதும் நகைச்சுவைக் கட்டுரையில் எந்த நகைச்சுவை இருக்கக்கூடாது என்பதைப் பத்திரிகை ஆசிரியர் முடிவு செய்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு, பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மனநல வார்டில், முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வேண்டாம்" என்றேன்.

அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தாள். ஒரு வருடம் நோயோடு இருந்து இறந்துபோனாள். அதன் பிறகு நான் பெரிதாக அழவில்லை. அழுதிருந்தால் அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் செய்தது வேறு. மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் காடியை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நிறுத்திக்கொள்வேன். பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். நீல ஜாக்கெட் போட்ட பெண்கள் இறங்கி உள்ளே போவார்கள். அத்தனை பேரில் ஒருத்தி திரும்பி, "கோப்பி கலக்கி மூடி வச்சேனே, குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நடக்காது என்று தெரியும். தெரிந்துகொண்டே தினமும் போனேன்.

ஒருநாள் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். தொழில் ரகசியம் திருட வந்த ஆள் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். என் மூளையைப் பற்றி யாரும் அவ்வளவு உயர்வாக நினைத்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் என் கைப்பேசியிலிருந்தே அக்காவை அழைத்தார்கள். பாயான் பாருவிலிருந்து அவள் வந்தாள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், அடுப்பை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் தூசி. என் இடுப்பைப் பார்த்தாள். பெல்ட்டில் புதிதாக ஆணியால் போட்ட ஓட்டை. மறுநாள் காலை நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

மாத்திரைகள் கொடுத்தார்கள். மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். மாத்திரைகளுக்கும் எனக்கும் ஒருவித மரியாதை நிலவியது. அவை என்னைத் தொந்தரவு செய்யவில்லை, நானும் அவற்றை. அப்புறம்தான் இந்த மின்சாரப் பேச்சு வந்தது.

டாக்டர் சிறு வயதுப் பெண். கெடா மாநிலத்துக்காரர். தமிழில் பேசுவார். என்னை 'அங்கிள்' என்பார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு இன்னொன்று தேவையா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மயக்க ஊசி போட்டுத்தான் செய்வோம், வலி தெரியாது, மாத்திரை கேட்காத உங்களைப் போன்றவர்களில் பலருக்கு இது உதவுகிறது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு குரலை மாற்றாமலேயே மறுபக்கத்தையும் சொன்னார்.

"ஞாபகம் கொஞ்சம் போகலாம், அங்கிள். ட்ரீட்மெண்ட்டுக்கு முன்னாடி இருந்த சில வாரம், சில மாசம். சில பேருக்கு அதுக்கும் முன்னாடி நடந்தது. நெறைய திரும்பி வந்துரும். எல்லாமே வந்துரும்னு என்னால சொல்ல முடியாது."

அந்தச் சில மாதங்களுக்குச் சற்று முன்னால் நிற்பது அவளுடைய கடைசி வருடம். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

என் படிப்பு எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தது. பைத்தியம் என்று முத்திரை விழுந்தவன் 'வேண்டாம்' என்றால் அதுவும் பைத்தியத்தின் பகுதி. ஆகவே ஆட்கள் வந்து கையைக் காலைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கட்டுரைக்கு நல்ல முதல் பத்தியாக இருந்திருக்கும். டாக்டர் அந்தப் பத்தியைக் கெடுத்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி. நான் சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். மின்சார வாரியத்தையும் என் மண்டையையும் இணைத்து, பில்லை யார் பெயருக்கு அனுப்புவார்கள் என்பது வரை போனேன். வார்டின் மூலையில் மருந்து வண்டி தள்ளிக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸிகூடச் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு அங்கிள். இப்போ ஜோக் இல்லாம ஒரு தடவை."

ஜோக் இல்லாமல் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. சட்டையில்லாமல் கொம்தார் கட்டடத்துக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. சொல்லி முடித்தேன்.

"புரிஞ்சிருக்கு. ஞாபகத்துல வச்சிருக்கீங்க. சொல்லவும் தெரியுது. ஒண்ணுதான் பாக்கி. எடை போடணும். ஒரு தட்டுல உங்க மனைவியோட கடைசி வருஷம் இருக்கு. அது எனக்குப் புரியுது. அடுத்த தட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

யோசித்தேன். "ஒண்ணும் இல்ல" என்றேன். அது ஜோக் இல்லை.

"அதுதான் எனக்குக் கவலை. நீங்க வேண்டாம்னு சொன்னது கவலை இல்ல. தட்டு காலியா இருக்கே, அதைக் காலி பண்ணுனது நீங்களா, உங்க நோயா? அது தெரியாம, நீங்க எடை போட்டுட்டீங்கன்னு நான் எழுத முடியாது. ரெண்டு மூணு நாள் எடுத்துக்குங்க. மறுபடியும் பேசலாம்."

மாலையில் அக்கா சம்படத்தில் மீன் சம்பாலோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நேராக டாக்டரைத் தேடிப் போய்ப் பிடித்தாள். வார்டு முழுவதும் கேட்டது.

"டாக்டர், நான் சைன் பண்றேன் லா. இவன் சின்னதுலேருந்தே இப்படித்தான். ஊசின்னா ஓடுவான். நாங்க அப்பல்லாம் கேட்டுக்கிட்டா போட்டோம்?"

"அவரால முடிவு எடுக்க முடியும்னா, அவருக்காக வேற யாரும் எடுக்க முடியாது ஆன்ட்டி."

"முடியலேன்னா?"

"அப்போ குடும்பத்துக்கிட்ட பேசுவோம்."

"அப்ப முடியலேன்னு எழுதிருங்க லா! ரெண்டு வார்த்தைதானே?"

திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "ஒனக்குப் புத்தி தெளிவா இருக்கான்னு செக் பண்றாங்களாம். எங்கிட்ட கேட்டிருந்தா மூணாங்கிளாஸ்லயே சொல்லிருப்பேன்" என்றாள். பிறகு சம்படத்தைத் திறந்து, ஒரு வாய் தின்னும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். சம்பாலை வீட்டிலேயே சமைத்து எடுத்து வந்திருந்தாள்.

இத்தனையையும் அடுத்த கட்டிலில் இருந்த பாய் ரசித்துக்கொண்டிருந்தார். பட்டணத்தில் ஃபெரி நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவரை வார்டுக்குக் கொண்டு வந்த காரணம் எங்கள் பேட்டையில் யாருக்கும் புரியக்கூடியது. ஒரு வாரமாகத் தூங்காமல், பாடிக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போட்டிருக்கிறார். தூங்காததையும் பாடியதையும் மகன்கள் பொறுத்துக்கொண்டார்கள். கல்லாப்பெட்டியை அவர் தூக்கி உள்ளே வைத்ததும்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். இப்போது வேகம் தணிந்து, வீட்டுக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தார்.

பாயிடம் யாரும் எதற்கும் புத்தி சோதிக்கவில்லை. அவர்தான் எல்லாவற்றுக்கும் மலாய் மொழியில் 'போலே' என்றுவிடுவாரே. ஆகட்டும், முடியும், சரி, தாராளமாக என எல்லாம் அதில் அடக்கம். மருந்தைக் கூட்டலாமா, போலே. ரத்தம் எடுக்கலாமா, போலே. நான் பொறாமையில் டாக்டரிடம் கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னதால எனக்குப் பரீட்சை. போலேன்னு சொல்றவருக்கு எதுக்கு இல்ல?"

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அப்படியே பாய் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஐயா, காலையில ஒரு புது மாத்திரைக்குச் சரின்னு சொன்னீங்களே. அது எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"அது நீங்கதானேம்மா சொல்லணும்? கஸ்டமர் எதைக் கேட்டாலும் போலேன்னுதான் சொல்லுவோம். இல்லாததைக் கேட்டாலும் போலேதான். அப்பறம் உள்ள போயி யோசிப்போம்."

டாக்டருக்கு முகம் சிவந்தது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்த மாத்திரை என்ன செய்யும், தாகம் எடுக்கும், கை நடுங்கலாம், அவ்வப்போது ரத்தம் பார்க்கவேண்டும் என்று முதலிலிருந்து சொன்னார். பாய் கேட்டார். கை நடுங்கும் என்றதும் நிமிர்ந்தார். கரண்டி பிடிக்கிற கை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மிஸ்ஸி மருந்து வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மத்தியானம், தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, பாய் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தம்பி, உங்களால நானும் இப்ப யோசிக்க வேண்டியதாப் போச்சு. போவட்டும். அப்புடி என்னா அந்த ஒரு வருசம்? சொல்லுங்க. நான் வச்சிருக்கேன். நம்ம கடையில பொம்பளைங்க கொடைய விட்டுட்டுப் போனாக்கூட அஞ்சு வருசம் எடுத்து வைப்போம்."

சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மத்தியானத்தில் முடியவில்லை, அடுத்த மத்தியானமும் போயிற்று.

சனிக்கிழமைகளில் பாலிக் புலாவ் போவோம் என்றேன். மலைப்பாதையில் காடி மெதுவாகத்தான் போகவேண்டும், அவளுக்கு வளைவுகளில் குமட்டும். கடைத்தெருவில் ஜாதிக்காய் ஜூஸ் வாங்குவாள். இரண்டு வாய் குடிப்பாள். முகத்தைச் சுளித்து மிச்சத்தை என்னிடம் தள்ளுவாள். அடுத்த சனிக்கிழமையும் அதையே வாங்குவாள். ஏன் என்றால், "இந்த வாரம் நல்லா இருக்கும்னு நெனச்சேன்" என்பாள்.

முடி கொட்டிய பிறகு தலையில் துணியைச் சுற்றிக்கொள்வாள். முதல் நாள் பசாருக்குப் போனபோது மீன்காரர் அவளை முஸ்லிம் பெண்ணென்று நினைத்து ஸலாம் சொன்னார். இவள் கொஞ்சமும் தயங்காமல் பதில் ஸலாம் சொன்னாள். மீன்காரர் சந்தோஷப்பட்டு இரண்டு கெம்போங் மீனைக் கூடுதலாகப் போட்டார். "ஏன் இப்படி?" என்றேன். "சமாதானம் உண்டாகட்டும்ங்குறாரு. வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றாள். அதன் பிறகு அந்த மீன்காரரிடம் மட்டும்தான் மீன்.

நடக்கத் தெம்பு குறைந்தபோது ஃபெரிக்குப் போவோம். ஏறி பட்டர்வொர்த் போய், அடுத்த ஃபெரியில் திரும்பி வருவோம். அக்கரையில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. மேல்தளத்தில் காற்று அடிக்கும். தொழிற்சாலை நீல ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வாள்.

பாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மீன்காரர் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர்தான் கவனித்தார்.

"தம்பி, கதை நல்லாருக்கு. நீங்க ஏன் ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லுறிய?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜூஸ் குடித்தாள் என்று தெரிந்தது. சுளித்த முகம் எப்படி இருக்கும் என்று தேடினேன், வரவில்லை. ஸலாம் சொன்னாள் என்று தெரிந்தது. அந்தக் குரலைத் தேடினேன். யாரோ எழுதிக் கொடுத்ததைப் போல வார்த்தைகள் மட்டும் இருந்தன. அவளுக்குத் துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. எந்தப் பாட்டு என்று நினைவில்லை. மின்சாரம் இன்னும் என் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குள்ளேயே பாதி போயிருந்தது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வாசலில் காவல் நின்றேன், உள்ளேயிருந்தே யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் நாற்காலியை இழுத்ததும், நானே தொடங்கினேன். ஜோக் இல்லாமல்.

"இப்படியே இருந்தா அவ சிரிச்சான்னு எனக்குத் தெரியும். ஆனா கேக்காது. சிகிச்சை எடுத்தா சில நாள் மொத்தமாவே போகலாம். மிச்சம் இருக்குறது கேக்கலாம். கேக்காமலும் போகலாம். அதைத்தான் அடுத்த தட்டுல வச்சிருக்கேன்."

"எது கனமா இருக்கு?"

"தெரியல. ஆனா ரெண்டுலயும் ஏதோ இருக்கு."

டாக்டர் கோப்பில் ஏதோ எழுதினார். "இப்போ நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் ஒத்துக்குவேன் அங்கிள்" என்றார்.

அதுவரை அவரோடு சண்டை போடத் தயாராக இருந்தேன். சண்டைக்கு ஆள் இல்லாமல் போனது பெரிய தொல்லை. என் 'வேண்டாம்' என்ற சொல்லை அவர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். அதைத் திரும்ப எடுப்பதும் எடுக்காததும் என் பாடு. ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

"நடுவுல போதும்னா நிறுத்துவீங்களா?"

"எப்போ சொன்னாலும்."

"அப்ப சரி" என்றேன். 'போலே' என்று சொல்லவில்லை. பாய் பக்கத்துக் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அன்று மாலை தன் மாத்திரைக்குச் சம்மதித்தார். கை நடுங்கினால் சோற்றில் குழம்பை, அவர் பாஷையில் ஆணத்தை, ஊற்றுவதை மகனிடம் விட்டுவிட்டுக் கோழியை மட்டும் தான் வெட்டுவதாக ஒரு நிபந்தனையோடு. நடுங்கும் கையில் கத்தியா என்று மிஸ்ஸி கேட்டதும் நிபந்தனை மாறியது.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டினி, ஊசி, ஒன்றுமில்லை, தலைவலி. கண் விழித்ததும் மிஸ்ஸி பெயர் கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்றார். பினாங்கு என்றேன். பிரதமர் யார் என்றார். அடிக்கடி பிரதமர் மாறிய காலம் அது. "இன்னைக்கா?" என்று கேட்டேன். தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

சில தடவைகளுக்குப் பிறகு ஒருநாள் வார்டுக் கஞ்சியில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது திருவிழா. எனக்கும் தெரிந்தது, ஏதோ திரும்பிக்கொண்டிருக்கிறது. போனதும் தெரிந்தது. பாலிக் புலாவ் மலைப்பாதை நினைவில் இருந்தது, அதில் எங்கள் காடி இல்லை. சனிக்கிழமைகள் இருந்தன, ஆள் இல்லை. பாயிடம் சொன்னேன் என்பது நினைவிருந்தது. என்ன சொன்னேன் என்பதில் பாதி இல்லை. பாய் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டிலில் வேறு யாரோ.

ஆகவே வெளியே வந்ததும் முதல் வேலையாக அவர் கடைக்குப் போனேன், விட்டுப்போன குடையைக் கேட்பதுபோல. மத்தியான வரிசை முடிந்து கடை ஓய்ந்திருந்தது. கல்லாவில் மகன். பாய் உள்ளிருந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க தம்பி! கன்னம் வந்துருச்சு! பசியாறியாச்சா? ஒக்காருங்க, ஒக்காருங்க."

அவரே தட்டெடுத்தார். கை லேசாக நடுங்கியது. மகன் எழுந்தான், பாய் முறைத்ததும் உட்கார்ந்தான். சோற்றின் மேல் கோழி ஆணம், அதன் மேல் மீன் ஆணம், அதன் மேல் பருப்பு, கறுப்பாக இன்னொன்று. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிச் சோறு மூழ்கியது. இந்தக் கடைகளில் அப்படித்தான். எந்தக் குழம்பு எங்கே முடிகிறது என்று கேட்பவன் வெளியூர்க்காரன்.

"என் சாமானைத் திருப்பிக் கேட்க வந்திருக்கேன் பாய்."

"இருக்கு. பத்திரமா இருக்கு."

எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஜாதிக்காய் ஜூஸ். இந்த வாரம் நல்லா இருக்கும்னு நெனச்சேன். பிறகு மீன்காரர் கதையை, அவர் ஸலாம் சொன்னதையும் அவள் பதில் சொன்னதையும், இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். சோறு மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. அந்த நீருக்குள் அவள் குரல், சரியாக அவள் குரல், 'வேண்டாம்னா சொல்ல முடியும்?' என்று ஒரே ஒருமுறை கேட்டது. மகன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்பறம் ஃபெரி" என்றார் சற்றுப் பொறுத்து. "மேல்தளத்துல ஒக்காருவிய. அவங்க செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் கம்பி மேல தூக்கி வச்சுக்குவாங்க. காத்து பாதத்துல படணும்னு. 'இந்தக் கடலு எத்தனை பேரு கால பாத்திருக்கும்'னுவாங்க. நல்லாச் சிரிப்பாங்க."

எனக்கு அது புதிதாக இருந்தது. புதிதாகத்தானே இருக்கும், போய்விட்டதே. ஆனாலும் ஏதோ ஒன்று.

"இதை நான் சொன்னேனா பாய்?"

அவர் தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே யோசித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சொன்னியன்னுதான் நெனக்கிறேன். என் வூட்டுக்காரிக்குத்தான் செருப்பு போட்டா கால் எரியும்பா. அவ போயி ஆறேழு வருசம் ஆச்சு. ஆனா நான் எங்க தம்பி அவளை ஃபெரில கூட்டிட்டுப் போனேன்? இங்கேருந்து கூப்புடுற தூரம். கேட்டுக்கிட்டேதான் இருந்தா. நானும் போலே போலேன்னுதான் சொன்னேன். ஒரு தடவைகூடப் போகல. கடை." துணியை மடித்தார். "கலந்துருச்சுபோல. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல பாய்" என்றேன்.

அன்று மாலை அக்கா வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "காலைத் தூக்கிக் கம்பியில வைக்கிறதா? அவளா? என் சோபாவுல நான் காலு வச்சதுக்கே கண்ணாலயே திட்டுவா லா! எந்த மடையன் சொன்னான் ஒனக்கு?" என்றாள். ஆக, என் மனைவி இல்லை. பாயின் மனைவியும் ஃபெரியில் ஏறியதில்லை. என் மனைவியின் பக்கத்து இருக்கையில் பாய் தன் மனைவியை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார். காலையும் அவரே தூக்கி வைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஃபெரியில் ஏறினேன். அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. மேல்தளத்தில் காற்று அடித்தது. கம்பியைப் பார்த்தபோது இரண்டு பாதங்கள் அங்கே இருந்தன. நீல ஜாக்கெட் இருந்தது. தலையில் சுற்றிய துணி படபடத்தது. அந்தச் சிரிப்பு என் மனைவியுடையது, நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். பாதங்கள் மட்டும் வேறு யாருடையவோ.

இந்தக் காட்சியை விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. டாக்டரின் நாற்காலி எதிரே இல்லை, ஆனாலும் பழக்கம். புரிகிறதா? புரிகிறது, இது நடக்கவே இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறதா? உண்மையாக நடந்த எத்தனையோ சனிக்கிழமைகளைவிட நன்றாக. எடை போட்டாயா? ஒரு தட்டில் உண்மையாக நடந்தது, அதில் அவள் முகமே இல்லை. அடுத்த தட்டில் இது. சொல்ல முடிகிறதா?

"வேணும்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார். நடுவில் ஓர் இடம் காலியானது. ஃபெரி கரை சேரும்வரை அதில் யாரும் உட்காராமல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.